தண்ணீர் குடி என்று சொல்வதற்கு முன்

நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். டீயும் தண்ணீர்க் கணக்கில் சேரும், அதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

"மூளையில் 80 சதவீதம் தண்ணீர். ஆகவே தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் மூளை சுறுசுறுப்பாகும், ஞாபகசக்தி பெருகும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு வாரத்தில் ஏழெட்டுப் பேர் எனக்கு அனுப்பி, "உண்மையா டீச்சர்?" என்று கேட்டுவிட்டீர்கள். பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. முப்பது வருடம் உயிரியல் நடத்தியவளிடம் கேட்டுவிட்டு ஒரு வரியில் பதில் எதிர்பார்த்தால் எப்படி?

முதலில் பாடம். வளர்ந்த ஆணின் உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் தண்ணீர். பெண்ணுக்கு 50 முதல் 55 சதவீதம். பிறந்த குழந்தைக்கு 75 சதவீதம் வரை. மூளையை மட்டும் எடுத்தால் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அந்தச் செய்தியில் இதுவரை சரி.

ஆனால் மூளைக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு இந்தச் சதவீதக் கணக்கைவிட அழகானது. நம் மூளை சுமார் 1,400 கிராம். அது மண்டையோட்டுக்குள் தரையில் வைத்த பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருக்கவில்லை, மிதக்கிறது. மூளைத் தண்டுவடத் திரவம் என்று நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? அதில் மிதப்பதால் மூளையின் எடை 50 கிராம் போலத்தான் அழுத்தும். அந்த மிதப்பு இல்லையென்றால் மூளை தன் சொந்தப் பாரத்திலேயே தன் அடிப்பகுதியை நசுக்கிக்கொள்ளும். ஒரு நேரத்தில் இந்தத் திரவம் உள்ளே இருப்பது சுமார் 150 மில்லிதான். ஒரு நாளைக்கு 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது. அதாவது மூளை தன் குளத்துத் தண்ணீரைத் தினமும் மூன்று தடவைக்கு மேல் மாற்றிக்கொள்கிறது. நம் ஊர் ஏரிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

சிறுநீரகத்தின் கணக்கைக் கேட்டால் இன்னும் ஆச்சரியம். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளில் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. வெளியே விடுவது ஒன்றரை லிட்டர் போல. மீதி அத்தனையும் திரும்ப இரத்தத்துக்கே போய்விடும். வீட்டில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க அதைவிட அதிகமாகக் கழிவு நீரைக் கொட்டும் ஆர்.ஓ. மெஷின், இதன் முன்னால் வெட்கப்பட வேண்டும். செல்லின் சவ்வில் தண்ணீர் மட்டும் போய்வரத் தனி வாசல்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ருக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் மேஸ்திரி யார்? மூளைதான். மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி. இரத்தத்தின் உப்புச் செறிவு ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலே அதற்குத் தெரிந்துவிடும். உடனே வாசோபிரெசின் என்ற ஹார்மோனை அனுப்பி, "தண்ணீரை விடாதே, பிடித்து வை" என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போடும். சிறுநீர் மஞ்சளாக வருவது அதனால்தான். இன்னும் கொஞ்சம் கூடினால் நமக்குத் தாகத்தை உண்டாக்கும். "நீ குடி" என்று மூளை நமக்குப் போடும் உத்தரவுதான் தாகம்.

அப்படியென்றால் எட்டு டம்ளர்? 1945-இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் ஒரு மனிதனுக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் தேவை என்று எழுதியது. அடுத்த வரியிலேயே, இதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும் என்றும் எழுதியது. உலகம் முதல் வரியை மனப்பாடம் செய்துகொண்டு இரண்டாவது வரியைச் சாய்ஸில் விட்டுவிட்டது. நம் பக்கத்துச் சாப்பாட்டைப் பாருங்கள். களி, கூழ், ரசம், மோர், சீசனில் கிருஷ்ணகிரி மாம்பழம். எல்லாம் தண்ணீர்தான். டீ, காபியும் கணக்கில் சேரும். ஆகவே டம்ளரை எண்ண வேண்டாம். சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் சரி, அடர் மஞ்சள் என்றால் குடிக்க வேண்டும். அளவுக்கு மீறிக் குடித்தாலும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கும், வலிப்பு வரும், உயிரும் போகும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ள சொந்தங்கள் டாக்டர் சொன்ன அளவை மட்டுமே குடியுங்கள், என் பதிவைப் பார்த்து மாற்றாதீர்கள். அறுபது தாண்டிய என் வயதுக்காரர்களுக்கு வேறு ஒரு எச்சரிக்கை. வயதானால் தாக உணர்ச்சி மங்கிவிடும். வீட்டில் பெரியவர் திடீரென்று குழம்பிப் பேசினால் "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கலாம், உப்பு குறைந்திருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

தண்ணீர் குறைந்தால் மூளை என்ன செய்யும்? 2012-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 25 ஆரோக்கியமான இளம் பெண்களைப் பரிசோதித்தார்கள். உடல் எடையில் 1.36 சதவீதம் அளவுக்குத்தான் நீர் குறைந்தது. 50 கிலோ பெண்ணுக்கு அது முக்கால் லிட்டருக்கும் குறைவு. அதற்கே தலைவலி வந்தது, மனநிலை கெட்டது, கவனம் குவியவில்லை, செய்யும் வேலை வழக்கத்தைவிடக் கடினமாகத் தோன்றியது. ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர்களுடைய நினைவாற்றல், யோசிக்கும் திறன் பற்றிய தேர்வுகளில் பெரிய சரிவு இல்லை. அதாவது மூளை வேலையை முடித்துவிடுகிறது. ஆனால் அதே வேலைக்கு அதிகமாகச் சிரமப்படுகிறது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பிக்கிறது. அந்தப் பெண்களுக்கு நீர் குறைந்தது பரிசோதனைக்காக. நம் ஓசூரில், கிருஷ்ணகிரியில், எல்லை தாண்டி அத்திப்பள்ளியில், பொம்மசந்திராவில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் தினமும் தாங்களாகவே அந்த நிலைக்குப் போகிறார்கள். தெரியாமல் இல்லை, தெரிந்தே. காரணம் கழிப்பறை.

என்னிடம் படித்த ஒரு பெண், பெயர் வேண்டாம், போன வருடம் வீட்டுக்கு வந்திருந்தாள். மோர் கொடுத்தேன். தொடவில்லை. "மத்தியான ஷிப்ட் டீச்சர், இப்போ குடிச்சா கஷ்டம்" என்றாள். விசாரித்தால் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கம்பெனி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வழியில் எங்கும் நிறுத்த மாட்டார்கள். லைனில் நின்றால் மாற்று ஆள் வந்தால்தான் நகர முடியும். லீடரிடம் கேட்க வேண்டும், அவர் ஆம்பிளை. மேலங்கி, தொப்பி, காலுறை எல்லாம் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். போய்வந்த நிமிடத்தைக் குறித்து வைப்பார்கள். "அதனால குடிக்கிறதையே விட்டுட்டேன் டீச்சர். இப்போ பழகிடுச்சு." ஆறு மாதத்தில் மூன்று தடவை நீர்க்கடுப்பு வந்து மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். பத்தாம் வகுப்பில் சிறுநீரகத்தின் படத்தை வகுப்பிலேயே அழகாக வரைந்தவள் அவள்.

பழகிடுச்சு என்றாளே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மூளை இதற்குப் பழகாது. ஹைபோதலாமஸ் தினமும் மணி அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. நாம் அந்த மணியைக் கேட்காத மாதிரி இருக்கப் பழகுகிறோம், அவ்வளவுதான்.

இது ஒரு பெண்ணின் கதை மட்டும் அல்ல. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் வித்யா வேணுகோபாலும் அவர் குழுவினரும் தென்னிந்தியாவில் பெண்கள் வேலை செய்யும் இடங்களில் வெப்பத்தையும் கழிப்பறை வசதியையும் சேர்த்து ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். சூடு அதிகம், கழிப்பறை இல்லை என்ற இரண்டும் சேரும் இடத்தில் பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதைத் தொல்லைகள் கூடுகின்றன என்பது அதன் சாரம். இன்னொரு ஆய்வு 2018-இல் வந்தது. அடிக்கடி நீர்த்தொற்று வரும், குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேரைத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்க வைத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை தொற்று. வழக்கம்போல் குடித்தவர்களுக்கு 3.2 தடவை. கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. மருந்து எது? தண்ணீர். ஆனால் அந்த மருந்தை உள்ளே விட்டால் வெளியே விட ஓர் இடம் வேண்டுமே!

"ஓசூர் குளுகுளு ஊர், இங்கே என்ன தாகம்" என்று சிலர் கேட்பீர்கள். அதுதான் சிக்கல். குளிரில் தாகம் தெரியாது. ஆனால் மூச்சுக்காற்றிலும் தோல் வழியாகவும் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும். குளிரில் சிறுநீரும் கூடுதலாகப் பிரியும். தவிர, ஊர் குளிர்ந்தாலும் பட்டறையும் வார்ப்பட உலையும் கிரானைட் குவாரியும் குளிர்வதில்லை. குவாரியில் வேலை செய்யும் ஆண்பிள்ளைகளுக்கு வெட்டவெளி இருக்கிறது, ஆகவே கழிப்பறைப் பிரச்சினை இல்லை. ஆனால் அவர்களும் வெயிலில் குடிக்காமல் வேலை செய்து முப்பது வயதில் கல்லடைப்பு என்று துடிக்கிறார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 18-ஆம் பிரிவு குடிதண்ணீர், 19-ஆம் பிரிவு கழிப்பறை. சட்டம் எழுதியவர்கள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார்கள். உடம்பு தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். குடிநீர்த் தொட்டி கழிப்பறையிலிருந்து ஆறு மீட்டருக்குள் இருக்கக் கூடாது, 250 பேருக்கு மேல் வேலை செய்தால் வெயில் காலத்தில் குளிர்ந்த நீர் தர வேண்டும், ஆண் பெண் இருவருக்கும் தனித்தனியாக மறைப்புள்ள கழிப்பறை வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, தொழிலாளி தொழிற்சாலையில் இருக்கும் எல்லா நேரமும் அந்தக் கழிப்பறை அவருக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்பது. பழைய சட்டங்களைத் தொகுத்து இப்போது புதிய சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. அவற்றிலும் குடிநீரும் கழிப்பறையும் முதலாளியின் கடமைதான். டோக்கன் போட்டு, நிமிடம் குறித்து, முகம் சுளித்து அனுப்பினால் கட்டிடம் இருக்கும், எல்லா நேரமும் என்ற சொல் இருக்காது.

"போனால் போன் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறார்கள் டீச்சர்" என்று உங்களில் ஒருவனே எனக்கு வாதம் சொன்னான். அவன் இன்று ஒரு கம்பெனியில் ஷிப்ட் பொறுப்பாளர். அவனையும் நான்தான் வளர்த்தேன், ஆகவே அவன் வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். சிலர் அப்படிச் செய்யலாம். அவர்களைத் தனியே கூப்பிட்டுப் பேசு. நாலு பேர் போன் பார்ப்பதற்காக நாற்பது பேரின் சிறுநீர்ப்பையைப் பூட்டி வைக்காதே. நிமிடத்தை மிச்சம் பிடிக்கிறாய் அல்லவா? தலைவலியோடு, கவனம் குவியாமல், அதே வேலையை இரட்டிப்புச் சிரமத்தோடு செய்கிறாளே, அந்தக் கணக்கையும் எழுது. பிறகு லீவு போடுகிறாளே, அதையும் எழுது.

பேசினால் நடக்குமா என்று கேட்காதீர்கள். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று பெரிய கடைவீதி. அங்கே துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்த பெண்கள், கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே இருந்தார்கள். அவர்களை விஜி என்ற தையல்காரப் பெண் 'பெண்கூட்டு' என்ற பெயரில் சேர்த்தார். கழிப்பறை கேட்டு ஆரம்பித்த அந்தப் போராட்டம், உட்காரும் உரிமை வரை போய், 2018-இல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021-இல் நம் தமிழ்நாடும் கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தியது. கூச்சப்பட்ட விஷயத்தை நாலு பெண்கள் வாய்விட்டுச் சொன்னதால் நடந்தது.

பள்ளிக்கூடத்துக்கும் வருகிறேன், என் சொந்த வீட்டைப் பேசாமல் விடக் கூடாது. 2019-இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் மணி என்று ஒன்று தொடங்கினார்கள். பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவே தனி மணி. 2025 ஜூன் கடைசியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அது வந்தது. மிக நல்ல திட்டம். ஆனால் மணி அடித்துக் குடிக்க வைத்த பிறகு, கழிப்பறையில் தண்ணீர் வர வேண்டும், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும், இடைவேளை பத்து நிமிடத்தில் எல்லாப் பெண்பிள்ளைகளும் போய்வர முடிய வேண்டும். தாழ்ப்பாள் இல்லாத பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண் பாட்டிலை வாயில் வைத்து, குடிக்கிற மாதிரி நடித்துவிட்டு மூடி வைப்பாள். மாதவிலக்கு நாளென்றால் பள்ளிக்கே வர மாட்டாள்.

இன்னொன்று, எந்தத் தண்ணீர்? நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் எல்லை. சென்னை மாகாணத்தில் இந்த ஃப்ளூரைடு நோயைப் பற்றி மருத்துவர்கள் 1937-லேயே எழுதிவிட்டார்கள். என் வகுப்பில் பல்லில் பழுப்புக் கோடு தெரியும் என்று கையால் வாயை மூடிச் சிரித்தவர்கள் எத்தனை பேர்! அது ஒழுங்காகப் பல் தேய்க்காததால் வந்தது அல்ல. பால்யத்தில் குடித்த போர் தண்ணீர் எழுதிய கோடு. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில், 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு உள்ள நீரைக் குடிக்கும் பிள்ளைகளிடம் அறிவுத்திறன் அளவு குறைவதோடு தொடர்பு காணப்படுகிறது என்று சொல்லியிருக்கிறது. தண்ணீரும் மூளையும் என்று பேசினால் நம் மாவட்டத்துக்கு இதுதான் முதல் பாடம்.

ஜப்பான் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் திறக்கப்பட்டதே, அதன் முழுப் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது. காவிரியைக் கீழிருந்து பம்ப் வைத்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். அதன் அருமை தெரியாமல், குழாயில் அந்தத் தண்ணீர் வராத நாட்களில் போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டுவதால் செறிவு கூடத்தான் செய்யும். பெங்களூருக் கழிவோடு வந்து கெலவரப்பள்ளியில் நுரை பொங்கும் தென்பெண்ணையைப் பற்றித் தனியாக ஒருநாள் எழுதுகிறேன். அது ஒரு பதிவில் அடங்காது.

ஆகவே என் கட்சி இதுதான். "தண்ணீர் குடி" என்பது அறிவுரை மட்டும் அல்ல. சொல்பவர் மேல் ஒரு கடமையை ஏற்றுகிற வாக்கியம் அது. நல்ல தண்ணீரும், போக ஓர் இடமும், போக அனுமதியும் தராதவர் அந்த வாக்கியத்தைச் சொல்லக் கூடாது. அந்த வாட்ஸ்அப் செய்தியில் விட்டுப்போன பாதி இதுதான்.

உங்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை.

லைனில் நிற்கும் என் பெண்பிள்ளைகளே, ஷிப்டுக்கு முன் குடிப்பதை நிறுத்தாதீர்கள். ஒரேயடியாக அல்ல, ஒவ்வொரு வாயாக. நீர்க்கடுப்பு வந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டு வாங்காமல் டாக்டரைப் பாருங்கள். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் பத்துப் பேராகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள்.

சூப்பர்வைசர், மேனேஜர், எச்.ஆர். ஆகிவிட்ட பிள்ளைகளே, நாளைக்குப் போனதும் பெண்கள் கழிப்பறை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். எத்தனை அடி தூரம், எத்தனை பேருக்கு எத்தனை, தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா. அனுமதி கேட்கும் இடத்தில் ஒரு பெண்ணை வையுங்கள். கம்பெனி பஸ் நீண்ட தூரம் போகிறது என்றால் நடுவில் ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்.

பள்ளியில் வேலை செய்யும் பிள்ளைகளே, தாழ்ப்பாள் ஒன்றின் விலை உங்களுக்கே தெரியும். கமிட்டி கூடும் வரை காத்திருக்காதீர்கள்.

சொந்தங்களே, வேலைக்குப் போய்வரும் உங்கள் மகளிடமோ மருமகளிடமோ இன்று ராத்திரி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வேலையில் தண்ணி குடிக்கிறியாம்மா?" அவள் பதில் சொல்லத் தயங்கினால், அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

கமெண்ட்டில் உங்கள் இடத்து நிலைமையை எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், வேலைக்கு ஆபத்து வரக் கூடாது. வெளியே எழுத முடியாதவர்கள் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் உயிரியல் டீச்சர்
ஓசூர்